இரண்டாம் வசனத்தில் நின்றுபோன வகுப்பு

மச்சான்,

நீ போய் இரண்டு மாரி கழிந்துவிட்டது. உன் எண்ணெய்க் கறை மட்டும் போகவில்லை.

போன மாதம் போதகர் என்னைக் கூப்பிட்டு, வியாழக்கிழமை வேதபாடத்தை மறுபடியும் எடுக்கச் சொன்னார். பாடம் பழையதுதான், அப்போஸ்தலரின் ஊழியம். வீட்டுக்கு வந்து பழைய வேதாகமத்தை விரித்தால் பன்னிரண்டாம் அதிகாரத்தில் உன்னுடைய கடலை வடை. பெருவிரல் அகலத்தில் ஒரு மஞ்சள் கறை, முன்னுக்கு இரண்டு தாள், பின்னுக்கு இரண்டு தாள் ஊறிப்போய் இருக்கிறது. என் வேதாகமத்தைக் கேட்காமல் இழுத்து, தின்ற கையாலேயே வசனத்தைத் தொட்டுக் காட்டுகிற பழக்கம் உனக்கு. உன்னுடையதைக் கொண்டுவந்தால் என்ன என்று எத்தனை தரம் கேட்டிருப்பேன்! "பஸ்ஸில விட்டிட்டன் மச்சான்" என்பாய். ஒவ்வொரு வியாழனும் ஒரு மனிதன் வேதாகமத்தைப் பஸ்ஸில் விடுவானா?

அதுவும் நீ பஸ்ஸில் பயணம் செய்கிறவன்கூட இல்லை, ஓட்டுகிறவன். நாள் முழுக்க ஸ்காபரோ தெருக்களில் நிமிடக் கணக்குப் பார்த்துப் பஸ் ஓட்டிவிட்டு, ஏழு மணி வகுப்புக்கு ஏழு இருபதுக்கு வந்து நிற்பாய். நானோ பண்டகசாலையில் எந்த லொறி எத்தனை மணிக்கு எந்தக் கதவுக்கு வரவேண்டும் என்று நேரம் ஒதுக்குகிற வேலை செய்தவன். உன்னைப் போல ஒருவனைக் கடவுள் எனக்குச் சிநேகிதனாகத் தந்தது என்னைத் திருத்துவதற்கா, தண்டிப்பதற்கா என்று அந்தக் காலத்தில் பலமுறை யோசித்திருக்கிறேன்.

ஊரில் யுத்தம் முடிந்த அந்த வருடம்தான் முதல்முறை அந்தப் பாடத்தை எடுத்தேன். ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் வெள்ளைக்காரருடைய பழைய தேவாலயம் ஒன்றின் நிலக்கீழ் அறை. பன்னிரண்டு பதின்மூன்று பேர். பதினெட்டு வியாழனில் எருசலேமில் தொடங்கி ரோமில் முடிக்கவேண்டும் என்று திட்டம் போட்டு, தாளில் அடித்து எல்லோருக்கும் கொடுத்திருந்தேன். நீ அந்தத் தாளில்தான் வடையை வைத்துத் தின்றாய்.

முதல் வியாழனே தொடங்கிவிட்டாய். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசின் இடத்துக்கு இரண்டு பேரை நிறுத்திச் சீட்டுப் போடுகிறார்கள், மத்தியாவுக்கு விழுகிறது. அவ்வளவுதான், அடுத்த பகுதிக்குப் போகலாம் என்று நான் தாளைப் புரட்ட, நீ கையைத் தூக்கினாய்.

"சீட்டு விழாத மற்ற மனுசன் பிறகு என்ன செய்தவர்?"

"எழுதப்படேல்லை."

"அண்டைக்கு வீட்டை போய் மனுசிக்கு என்ன சொல்லியிருப்பார்?"

மத்தியா எப்படி ஊழியம் செய்தார் என்று ஒருவன் கேட்டால் அதில் அர்த்தம் இருக்கிறது. நீ கேட்டதெல்லாம் எழுதப்படாத ஆட்களைப் பற்றி. விதவைகளுக்குச் சாப்பாடு பகிர்வதில் ஓரவஞ்சனை நடந்த இடத்தில், ஏழு பேரை அந்த வேலைக்கு நியமித்ததைப் பற்றி நான் அரை மணித்தியாலம் விளக்கினேன். கடைசியில் நீ, "அதுவரைக்கும் பசியோட இருந்த மனுசியளிட்டை ஆராவது மன்னிப்புக் கேட்டவையோ?" என்றாய். மலர் அன்ரி உடனே, "அதுதானே!" என்று உன் பக்கம் சாய்ந்துவிட்டா. அவவுக்கு அப்போதே எழுபது வயது தாண்டியிருந்தது. வகுப்பில் எனக்கு மரியாதை தந்து கேட்ட ஒரே ஆளையும் நீ கெடுத்தாய்.

உன் தம்பியைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். கிளிநொச்சியில் சைக்கிள் கடை வைத்திருந்தவன், பெண்சாதியோடு வன்னிக்குள் அகப்பட்டுவிட்டான். தை மாதம் ஒருமுறை கதைத்தான். அதற்குப் பிறகு சத்தமில்லை. உனக்கு மட்டுமா, அந்த அறையில் பாதிப் பேருக்கு அங்கே ஆரோ ஒருவர் இருந்தார். ஜெபத்துக்கு நடுவில் ஒரு போன் அடித்தால் போதும், நாலு பேர் படிக்கட்டுக்கு ஓடுவார்கள், வந்த செய்தி பாதி பொய்யாக இருக்கும், அழுகை மட்டும் மெய்யாக இருக்கும். அதனால் நான் ஒரு ஒழுங்கு கொண்டுவந்தேன். ஜெபம் தொடங்கமுன் எல்லோரும் போனைச் சத்தம் குறைத்து, காணிக்கை எடுக்கிற கூடைக்குள் போடவேண்டும். கூடை என் பக்கத்தில் இருக்கும்.

எதிர்த்தவன் நீ ஒருவன்தான். "ஆமென் சொல்லும்வரைக்கும் ஆரின்ரையும் உயிர் காத்துக்கொண்டிருக்குமோ?" என்று கேட்டாய். எல்லோருக்கும் ஒரே சட்டம் என்று நான் கத்தினேன். பிறகு முதல் ஆளாக எழுந்து போட்டவனும் நீதான்.

சித்திரை முடிவில் பன்னிரண்டாம் அதிகாரத்துக்கு வந்தோம். ஏரோது ராஜா அப்போஸ்தலன் யாக்கோபை வாளால் வெட்டிக் கொல்லுகிறான். அது ஒரே ஒரு வசனம், இரண்டாவது. அடுத்து பேதுருவைப் பிடித்துச் சிறையில் போடுகிறான். சபை ஒரு வீட்டில் கூடி அவருக்காக விடாமல் ஜெபிக்கிறது, தூதன் வருகிறான், சங்கிலி கழன்று விழுகிறது. நம்பிக்கையூட்டும் பகுதி. அந்த நாட்களில் எங்களுக்கு அதுதான் வேண்டியிருந்தது. நான் ஆசையோடு ஆயத்தம் செய்துகொண்டு வந்தேன்.

நீ விரலை இரண்டாம் வசனத்தில் வைத்தாய். வடை விரல்.

"யாக்கோபுக்கு ஏன் ஒருத்தரும் ஜெபிக்கேல்லை?"

ஜெபித்திருப்பார்கள், எழுதாமல் விட்டிருப்பார்கள் என்றேன். "அப்ப அந்த ஜெபத்துக்கு என்ன நடந்தது?" என்றாய். கர்த்தருடைய சித்தம் என்றேன். "உது பதில் இல்லை மச்சான். உது கதவைச் சாத்திறது" என்றாய். "யாக்கோபின்ரை தாய் உயிரோட இருந்திருப்பா. பேதுரு தப்பி வந்திட்டார் எண்டு சபை துள்ளேக்கை அந்த மனுசி எங்கை போய் நிண்டிருப்பா?"

மூன்று வியாழன். மூன்று வியாழன் என்னை அந்த ஒரு வசனத்தில் கட்டிவைத்தாய். மூன்றாம் கிழமை மலர் அன்ரியே பொறுமை இழந்து, "தம்பி, பேதுருவையாவது கெதியா வெளியிலை எடுங்கோவன், எனக்குப் பஸ் போகப்போகுது" என்றா. எல்லோரும் சிரித்தார்கள், நீயும்தான். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நீ தம்பியை நினைத்துத்தான் கேட்கிறாய் என்பது எனக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டுதான் எரிச்சல்பட்டேன். என்னிடம் பதில் இல்லை, நீயோ விடுவதாயில்லை.

அடுத்த கிழமை யுத்தம் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சி சொன்னது. இரண்டு வியாழன் பாடமே நடக்கவில்லை. வந்து இருந்தோம், அழுதோம், போனோம். மூன்றாவது வியாழன் நான் பிடிவாதமாகத் தாளை எடுத்து, விட்ட இடத்தில் இருந்து வாசித்தேன். பேதுரு சிறையில் இருந்து தப்பி, எல்லோரும் ஜெபித்துக்கொண்டிருந்த அதே வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுகிறார். ரோதை என்ற வேலைக்காரப் பிள்ளை குரலை அடையாளம் கண்டு, கதவைத் திறக்க மறந்து உள்ளே ஓடுகிறாள். உள்ளே இருந்தவர்கள் உனக்குப் பைத்தியம் என்கிறார்கள். பேதுரு வெளியே நின்று தட்டிக்கொண்டே இருக்கிறார். மலர் அன்ரி, "நல்ல சனம்!" என்று சொல்ல, பல நாளைக்குப் பிறகு அந்த அறை சிரித்தது. நீ அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. அப்பாடா என்று இருந்தது எனக்கு.

பிறகு போன்களைக் கூடைக்குள் போட்டுவிட்டுக் கண்களை மூடினோம். உன் தம்பியின் பெயரைச் சொல்லித்தான் ஜெபித்துக்கொண்டிருந்தோம். கூடைக்குள் உன் போன் அதிர்ந்தது. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். தொண்ணூற்று நான்கில் தொடங்குகிற நீளமான இலக்கம், ஊர் இலக்கம். நான் அழைப்பை வெட்டினேன். மறுபடி அதிர்ந்தது. மறுபடி வெட்டி, அடியோடு நிறுத்திவிட்டேன். இன்னும் இரண்டு நிமிடத்தில் ஆமென் வந்துவிடும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். ரோதையின் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்துப் பத்து நிமிடம் ஆகவில்லை, மச்சான். எனக்குப் புத்தி வரவில்லை.

ஆமென் சொன்னதும் போனை எடுத்து உயிர்ப்பித்தாய். பார்த்தாய். என்னை நிமிர்ந்து பார்த்தாய். திருப்பி எடுத்தபோது ஆரோ ஒருவன், அழைத்த ஆள் இந்தப் போனுக்கு வரிசையில் நின்றவர், முகாமுக்குள் போய்விட்டார், பேர் தெரியாது என்று சொல்லிவிட்டு வைத்தான். அடுத்த நாள் அந்த இலக்கம் வேலை செய்யவில்லை.

அறை முழுக்க உன்னைச் சுற்றி நின்றது. எப்படித் தவறியது என்று கேட்டார்கள். நான் வாயைத் திறக்கமுன் நீ சொன்னாய், "நான்தான் நிப்பாட்டிப்போட்டுப் போட்டனான். பழக்கதோசம்."

மலர் அன்ரி உன்னைப் பிடித்துக்கொண்டா. "உனக்கு மூளை இருக்கோ? கூடப்பிறந்தவன் உயிரோட இருக்கிறானோ எண்டு தெரியாமல் கிடக்கு, நீ போனை நிப்பாட்டுவியோ?" கால் மணித்தியாலம். எல்லோருக்கும் முன்னால். நீ தலையைக் குனிந்துகொண்டு, ஓம் அன்ரி, ஓம் அன்ரி என்றாய். நான் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான்தான் என்று சொல்ல ஒரு வினாடி போதும். அந்த வினாடி எனக்கு வரவில்லை.

ஐந்து கிழமை கழித்து உன் தம்பியின் பெண்சாதி முகாமில் இருந்து ஒருவாறு தொடர்பு எடுத்தாள். அவன் யுத்தம் முடிய ஒரு கிழமைக்கு முன்னமே ஷெல் விழுந்து செத்துப்போயிருந்தான். அந்த வியாழன் அழைத்தது பக்கத்துக் கூடாரத்து மனிதர், அதைச் சொல்வதற்குத்தான்.

அவனுக்காக வைத்த நினைவு ஆராதனை முடிந்து நீ என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தாய். எங்கள் கட்டடத்துக்கு முன்னால் நிறுத்தினாய். பிறகு கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி சொன்னாய். "நாங்கள் பேதுரு எண்டு நினைச்சு ஜெபிச்சது யாக்கோபுக்கு மச்சான். நீ வெட்டாட்டி, அவன் எனக்கு அண்டைக்கே செத்திருப்பான். ஐஞ்சு கிழமை கூட இருந்தவன்."

நன்றி சொன்னாயா, பழி சொன்னாயா? பதினாறு வருடமாக யோசிக்கிறேன். என்னைத் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு முடித்திருப்பேன். நீ திட்டவில்லை. அடுத்த வியாழனும் ஏழு இருபதுக்கு வந்து, பவுல் கப்பலேறும்போது கரையில் நின்றது ஆர் என்று கேட்டாய். அந்த ஐந்து கிழமையை என் தலையில் ஏற்றிவிட்டு உன்பாட்டுக்கு இருந்தாய். எனக்கு இன்னும் அதை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை.

முந்தாநாள் புது வகுப்பு தொடங்கியது. மலர் அன்ரி எண்பத்தொன்பது வயதில் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து முன்வரிசையில் இருந்தா. புதிதாக வந்த ஒரு பெண் ஜெபத்துக்குப் போனை நிறுத்தப் போக, அன்ரி அவளைத் தடுத்தா. "நிப்பாட்டாதை பிள்ளை. இஞ்சை முந்தி ஒருத்தன் இருந்தவன், கூடப்பிறந்தவன்ரை செய்தி வாற நேரம் போனை நிப்பாட்டி வச்சவன். அப்பிடி ஒரு கவலையீனம் பிடிச்ச பிள்ளை." வருடாவருடம் சொல்கிற கதை. வருடாவருடம் நான் கேட்டுக்கொண்டு இருந்த கதை.

"அன்ரி, அது அவன் இல்லை. அந்தப் போனை வெட்டினது நான்" என்றேன்.

பெரிய பாரம் இறங்கும் என்று நினைத்தேன். அன்ரி கோபப்படவில்லை. நடைவண்டியை ஒரு பக்கம் தள்ளிவிட்டு முன்னுக்குச் சாய்ந்தா.

"அப்ப நான் அவனை அவ்வளவு பேசினது?" என்றா. "எல்லாத்துக்கும் ஓம் அன்ரி, ஓம் அன்ரி எண்டு கேட்டுக்கொண்டு நிண்டவனே தம்பி. நான் இனி அவனிட்டை எப்பிடிப் போய்ச் சொல்லுறது?"

வகுப்பு முழுவதும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. நீ செத்துப்போன பிறகும் பதில் இல்லாத கேள்வியைத்தான் எனக்கு அனுப்புகிறாய். அவவுக்கு நான் என்ன சொல்ல? சொல்லடா.