ஃபாலோ போடாத ரெட்

இன்று காலை சலூனில் சவரம் முடித்துப் பிடரியில் பவுடரைத் தட்டினார்கள். அதே மலிவு மூஞ்சிப் பவுடர் வாசனை. உன் ஞாபகம் வந்தது, கோபத்தோடு. கேரம் போர்டுக்கென்று விற்கிற பவுடரை வாங்க மனமில்லாமல், உன் பெண்டாட்டியின் டப்பாவை எடுத்து வந்து கொட்டுவாய். ஆட்டம் முடிந்ததும் நாலு பேரும் கல்யாண வீட்டுக்குப் போய் வந்தவர்கள் போல மணப்போம்.

மணமேல்குடி சைக்கிள் கடைக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் நம்மையும் சேர்த்து உன் கட்சிக்காரர் இரண்டு பேர், என் கட்சிக்காரர் இரண்டு பேர். விதி வைத்தவன் நீதான். "ஒரே கட்சிக்காரன் ரெண்டு பேரு ஜோடி சேந்தா அது ஆட்டமில்ல மச்சான், மாநாடு" என்பாய். அதனால் தலை நரைக்கும்வரை நீயும் நானும் ஜோடியாக எதிரெதிரே உட்கார்ந்தோம். உன் தலைவரை நான் திட்டுவேன், என் தலைவரை நீ திட்டுவாய். அடிக்கிற காய் மட்டும் ஒரே நிறம்.

போன பஞ்சாயத்துத் தேர்தலில் உங்கள் ஆள் ஜெயித்ததும் புதுப் போர்டு கொண்டு வந்தாய். நடு வட்டத்தில், ரெட் வைக்கிற இடத்திலேயே, உங்கள் சின்னத்தை ஒட்டியிருந்தாய். பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினேன். ரெட்டையும் நான்தான் குழியில் போட்டேன். அடுத்து ஒரு காயை ஃபாலோ போட்டால் ரெட் நமக்கு. ஸ்டிரைக்கரை வைத்தபோது அந்தச் சின்னம் கண்ணை உறுத்தியது.

"இதக் கிழிச்சாத்தான் அடிப்பேன்" என்றேன்.

"போர்டு என்ன ஒங்கிட்ட ஓட்டா கேக்குது?"

"கேக்கலன்னா எதுக்கு ஒட்டுன?"

நீ மற்ற இருவரையும் பார்த்துச் சிரித்தாய். "கையெழுத்துப் போடத் தெரியாது, சின்னம் மட்டும் பளிச்சுனு தெரியுது பாரு மச்சானுக்கு."

ஃபாலோ போடாமல் எழுந்து வந்தேன். தோற்றது நாம்தான், நீயும் சேர்ந்து தோற்றதில் எனக்குச் சந்தோஷம். அதன்பிறகு பஸ் ஸ்டாண்டில் நீ அங்கிட்டு வந்தால் நான் இங்கிட்டுத் திரும்பிக்கொண்டேன். நீயும் கூப்பிடவில்லை.

நீ செத்த அன்று வந்தேன். உன்மேல் கட்சிக் கொடியைப் போர்த்தியிருந்தார்கள். என் மாலை அதில் படக்கூடாது என்று காலடியில் போட்டேன். "நெஞ்சுல போடுங்கண்ணே" என்று உன் மனைவி அழுதாள். போடவில்லை.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவர் பக்கத்து வீட்டு வாத்தியார். உன் கட்சிதான். ஒரு சொல்லை மாற்றினாலும் பிடித்துவிடுவேன். திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்கிறேன்.

கொட்டகையில் சின்னத்தைச் சுரண்டிவிட்டார்களாம், கூப்பிடுகிறார்கள். உன் இடத்தில் என் கட்சிக்காரன் ஒருவனை உட்கார வைக்கப் பார்த்தார்கள். மாநாட்டுக்கெல்லாம் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

வாத்தியார் இப்போது பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்கிறார்: "நான் ஒக்காரட்டுங்களா?"

உன்னைப்போல் வாய் நீளுமா என்று கேட்டேன். நீளுமாம்.

நாளைக்குப் போகிறேன். நீ சொன்னதை மன்னித்துவிட்டேன் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே. ஃபாலோ போடாமல் எழுந்த விரல் இன்னும் அரித்துக்கொண்டே இருக்கிறது.