நான் இன்ஸ்டால் செய்யாத தொகுப்பு

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். இங்கே ஒரு சின்ன விஷயம் நடந்தது, பயப்படாதே.

பாலத்தின் பலத்தைக் கணக்கிடும் மென்பொருளில், மிக்ஸிக்கு வேறு ஜார் மாட்டுவதுபோல, நாங்கள் கூடுதல் தொகுப்புகளைச் சேர்த்துக்கொள்வோம். ஒரு தொகுப்பில் பிழை இருந்தது. அதைத் திருத்தி, எல்லோரும் இறக்கிக்கொள்ள ஆபீஸ் சர்வரில் போட்டேன். புதியதில் கணக்குப் போட்டால் ஒரு பாலம் தேறவில்லை. உடனே மேனேஜர் பழைய தொகுப்பை எல்லோருக்கும் மெயிலில் அனுப்பினார்.

"இதையே இன்ஸ்டால் பண்ணுங்க. இதுலதான் ரிசல்ட் நல்லா வருது" என்றார், பிஸ்கட்டை மென்றுகொண்டே.

"அந்தப் பாலத்துல தினமும் ஆளுங்க போறாங்க சார்" என்றேன்.

"போகட்டும், அதுக்குத்தானே பாலம்!"

எல்லோரும் சிரித்துக்கொண்டே பழையதைப் போட்டுக்கொண்டார்கள். நான் மட்டும் போடவில்லை. தூ, இவர்களும் படித்தவர்கள்!

இரண்டு கணக்கையும் பாலத்துக்குப் பொறுப்பான துறைக்கே அனுப்பிவிட்டேன். பாலத்தை மூடிவிட்டார்கள். அதிலிருந்து ஆபீஸில் யாரும் என்னோடு சாப்பிட உட்காருவதில்லை. அந்த மூஞ்சிகளைப் பார்க்காமல் சாப்பிடுவதும் நல்லதுதான்.

தடித்த காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. மதியம் ஒரு போன் போடேன். பேச ஒன்றும் இல்லையென்றாலும் பரவாயில்லை, கட் பண்ணாமல் பக்கத்தில் வைத்துக்கொண்டு உன் வேலையைப் பார்.

மேனேஜர் கூப்பிடுகிறார், போகிறேன்.

உன் மகள்