பாதி ஆட்டத்துக்கு ராஜி

நவ. 4, செவ்வாய்

மேகமூட்டம். காலையிலேயே பிளக்ஸ் கடையில் விளக்கு போட்டுத்தான் வேலை. எங்கள் ஊர்த் திருவிழாவில் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்துக்கு பிளக்ஸ், பன்னிரண்டுக்கு எட்டு அடி. நடுவில் ஜெரின் படம் வேண்டுமாம். கமிட்டிக்காரர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை. தீர்ப்பு வியாழக்கிழமை.

ஜெரின் எங்கள் ஊர் கோல்கீப்பர். இப்போது லீக்கில் பெரிய அணி. லீக் ஒப்பந்தத்தில் ஒரு வரி: சொந்த ஊர்த் திருவிழாவில்கூட ஆடக் கூடாது, அடிபட்டுவிடுமாம். அவனும் இன்னும் ஆறு வீரர்களும் கோர்ட்டுக்குப் போய் இரண்டு வருடம். இரண்டு திருவிழாவுக்கும் வந்தான். கோட்டுக்கு வெளியே நாற்காலியில் இருந்து பார்த்தான். நான் பந்தைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தேன். மஸ்கட்டில் இருக்கிற என் வீட்டுக்காரர் இதைப் படிக்கப்போவதில்லை. அவன் ஒரு தடவை இங்கே ஆடிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

படத்தில் பாய்ந்து பந்து பிடிக்கிறான். வானத்தைக் கொஞ்சம் நீலமாக்கினேன். சும்மா பந்தை அழித்துப் பார்த்தேன். வானத்தில் படுத்துக் கிடக்கிற ஒரு ஆள். அப்படியே இருந்துவிட்டேன். முதலாளி ஸ்டீபன் அண்ணன்: "என்ன மக்ளே, ஒறங்கியாச்சா?"

வாங்க வேண்டியது: சீரகம், தீப்பெட்டி, போன் ரீசார்ஜ்.

நவ. 6, வியாழன்

மழை. மதியம் மீன்குழம்பு. உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு. எனக்குக் கொஞ்சம் கூடுதல். போனில் செய்தி ஓடியது: லீக் வழக்கில் வீரர்கள் ராஜி. அரைக்கண்ணில் வாசித்தேன். ரசிகர் வாட்ஸப் குழுவில் அடித்தேன்: "ஜெரின் ராஜினாமா." மேசையில் தலை சாய்த்தேன். கனவில் ஜெரின் எங்கள் மொட்டை மாடிக் கொடியில் கையுறை காயப்போடுகிறான். ஒன்று, இரண்டு, நூறு. காற்றில் எல்லாம் கையசைக்கிறது.

விழித்தால் குழு கொதிக்கிறது.

"சிங்கம்லே அவன்!"

"லீக்க தூக்கி எறிஞ்சிட்டான் பாத்தியா!"

"செண்டை மேளம் சொல்லியாச்சு மக்கா."

பிறகு குழுவில் இருக்கிற வீட்டுக்காரர், மஸ்கட்டிலிருந்து வாய்ஸ் மெசேஜ்: "ஏட்டி, ஒழுங்கா வாசிச்சியா? ராஜின்னா கேச பேசி முடிச்சாச்சுன்னு அர்த்தம். ராஜினாமான்னா வேலைய விட்டாச்சு. ரெண்டும் ஒண்ணா?"

திருத்திப் போட்டேன். அதுதான் வினை. விட்டுவிட்டான் என்று கொண்டாடியவர்களுக்கு, விட்டுக்கொடுத்தான் என்றதும் பொறுக்கவில்லை.

"சிங்கம் பூனையாச்சு."

"பேசி முடிக்கதுக்கு இது என்ன கல்யாணமாலே?"

சிங்கம் என்றவனேதான் பூனை என்றதும். முதலிலேயே உள்ளதை எழுதியிருந்தால் இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. என் தூக்கத்தால் வந்தது. வெட்கமாக இருக்கிறது. சீரகம் மறந்துவிட்டேன்.

நவ. 7, வெள்ளி

தூறல். ராஜி விவரம் வந்துவிட்டது. வருடத்துக்கு ஒரு தடவை சொந்த ஊரில் ஆடலாம். முதல் பாதி மட்டும். சட்டையில் பெயர், நம்பர் கூடாது. வழக்கைப் பற்றி ஏழு பேரும் வாய் திறக்கக் கூடாது.

குழுவில்: "பாதி ஆட்டந்தான் களிப்பானா? பாதி ஷேவ் பண்ணிட்டு எவனாவது வெளிய வருவானா?" சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

கமிட்டியிலிருந்து போன். ஊர் கோபமாக இருக்கிறதாம், ஜெரின் படத்தை எடுத்துவிடச் சொன்னார்கள். எடுத்தேன். வானம் மட்டும் மிச்சம். அழுகை வந்தது. அந்த இடத்தில் நகைக்கடை விளம்பரம்.

சாயங்காலம் ஜெரினின் அம்மா மேரியக்கா கடை வாசலில், குடையை மடக்காமலே.

"மக்ளே, என்னவோ ராசியாச்சுன்னு சொல்லுகாவளே, உள்ளதா?"

"ராசி இல்ல அக்கா, ராஜி. கோர்ட்டு வார்த்தை."

"எல்லாம் ஒண்ணுதான். சண்ட போட்டவிய ராசியாவது நல்லதுதானே? பொறவு எதுக்கு ஊரே மொகத்த தூக்கி வச்சிருக்கு? இவியகிட்டயா எனக்க மோன் சண்ட போட்டான்?"

முதலில் தப்பாக எழுதியது நான் என்று சொல்ல வாயெடுத்தேன். ராஜாக்கமங்கலம் பஸ் வந்துவிட்டது. ஓடிவிட்டார்.

நவ. 9, ஞாயிறு

மழை விட்டது. நனைந்த மணல், மஞ்சள் வெயில். நான்கு மணிக்கு ஆட்டம். ஜெரின் வந்தான். எழுத்தே இல்லாத பச்சைச் சட்டை. குழுக்காரர்கள் நாற்பது பேர் மைதானத்துக்கு முதுகு காட்டி, கடலைப் பார்த்து வரிசையாக நின்றார்கள். மேரியக்கா யாரையும் பார்க்காமல் கோலுக்குப் பின்னால் நின்றார்.

முதல் பந்து இடது மூலைக்கு. பாய்ந்தான். அதன் பிறகு எனக்குச் சத்தமே கேட்கவில்லை. விழுகிறான், எழுகிறான், மணல் மெதுவாக உதிர்கிறது. நேரம் எங்கேயோ நின்றுவிட்டது. இதற்குத்தான் காத்திருந்தேன். எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. முதுகு காட்டியவர்களின் கழுத்து ஒவ்வொன்றாகத் திரும்பியது. பிறகு உடம்பும்.

பாதி விசில். ஒரு கோலும் விழவில்லை. "இன்னும் அஞ்சு நிமிசம் நில்லுலே!" என்று யாரோ கெஞ்சினார்கள். முடியாது என்று தலையசைத்துவிட்டு வெளியே வந்தான்.

குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தான். போய்ச் சொல்லிவிட்டேன்.

"ராஜினாமான்னு மொதல்ல போட்டது நான்தான் தம்பி. ஒறக்கத்துல தப்பா வாசிச்சிட்டேன்."

சிரித்தான். "தப்பு இல்ல அக்கா. அண்ணைக்கு காலம்பற ராஜினாமா எழுதி கையில வச்சிருந்தேன். விட்டுட்டு வந்து இங்க முழு ஆட்டமும் களிக்கலாம்னு."

"பொறவு?"

"ஏழு பேரும் பேப்பர்ல ஒப்பு போட்டாத்தான் ராஜின்னுட்டானுவ. மத்த ஆறு பேருக்கும் களிக்க ஊரு உண்டுல்லா அக்கா? கிழிச்சிட்டேன். ஆர்ட்டயும் சொல்லப்பிடாது, கேட்டியளா."

இரண்டாம் பாதியில் எங்கள் ஊர் மூன்று கோல் வாங்கியது. வீட்டுக்கு வந்து குழுவைத் திறந்தால்: "முழுசா நிக்க முடியாதவன் எதுக்குலே வந்தான்?"

பதில் நீளமாக அடித்தேன். அழித்தேன்.