பூங்காவை வெட்டியவன்

நாகர்கோவில்

என் செல்ல மகள் ஜினிஷாவுக்கு அம்மா எழுதுகிறேன். கர்த்தருடைய தயவால் நானும் அப்பாவும் இருக்கிறோம், நீயும் மருமகனும் தோஹா வெயிலில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும். போனில் சொன்னால் "விட்ருங்கம்மா" என்று பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நம் காலனிப் பூங்காவில் நின்ற புன்னையையும் வேம்பையும், மதிலை ஒட்டிக் கல்யாண மண்டபம் நடத்துகிற ராஜகுமார், கார் நிறுத்த இடம் வேண்டுமென்று வெட்டிச் சாய்த்துத் தரை முழுக்க சிமெண்ட் கல் பதித்தான் அல்லவா. பக்கவாதம் வந்த அப்பா அந்த நிழலில்தான் கம்பை ஊன்றி நடந்து பழகினார், மரம் போன பிறகும் பிடிவாதமாகப் போய், கொதிக்கிற கல்லில் மயங்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பையோடு வந்த ராஜகுமார், "வயசானா விழத்தானே செய்வாவ" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் விடுவேனா?

எதிர்வீட்டு வக்கீல் பிரிஜாவைப் பிடித்தேன், காலனிப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனேன். கல்லைத் தோண்டி எடுக்க வேண்டும், கன்று நட வேண்டும், அதற்கு ராஜகுமாரே தினமும் வந்து தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று உத்தரவு வந்தது. அந்தக் கடைசி நிபந்தனையைக் கேட்கச் சொன்னது நான்தான்.

உத்தரவு வந்த மறுநாள் உச்சி வெயிலில் வீடு தேடி வந்தான். உள்ளே விடவில்லை, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அப்பா விழுந்த இடத்தில் போட்டு உட்காரச் சொன்னேன், நான் குடை பிடித்து நின்றேன். "எக்கா, மவனுக்க கல்யாணம் முடியட்டு, பெறவு கல்ல எடுக்கேன், வாற வண்டிய எல்லாம் எங்க கொண்டு நிறுத்துவேன்" என்று வியர்த்து ஒழுகக் கெஞ்சினான். முடியாது என்றேன். கல்யாணத்தன்று மண்டபத்து நாதஸ்வரத்தை மீறிக்கொண்டு இயந்திரம் கல்லைப் பெயர்த்தது, சம்பந்தி வீட்டுக்காரர்கள் மெயின் ரோட்டில் இறங்கிப் பட்டுச்சேலையோடு புழுதியில் நடந்து வந்தார்கள். மன்னிக்கக் கூடாதா என்று பாஸ்டர் கேட்டார். "மன்னிக்கலாம் பாஸ்டரே, மரம் வளரட்டு" என்றேன்.

இப்போது சாயங்காலம் தோறும் வாளி தூக்குகிறான். போன வாரம், ஆபரேஷனுக்குப் பிறகு கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்த அப்பா, "ஏட்டி, அவன் வந்துட்டானா? என்னய பிடி" என்று எழுந்து, வாக்கரைப் பிடித்து, பூங்காவைப் பார்த்த ஜன்னல் வரை நடந்தார். "ஏலே, மூலையில நிக்க கன்னுக்கு ஊத்தல" என்று கத்தினார். ராஜகுமார் நிமிர்ந்து பார்த்தான், பிறகு வாளியோடு மூலைக்குத் திரும்பிப் போய் ஊற்றினான். அப்பா அன்றைக்கு இரண்டு தடவை கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தார்.

நேரத்துக்குச் சாப்பிடு மோளே, ஏசியிலேயே கிடக்காதே. கர்த்தர் உங்கள் இருவரையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. லீவுக்கு வரும்போது ராஜகுமார் எதிரில் வந்தால் சிரித்து வைக்காதே.

உன் அம்மா,
ஞானபாய்