கூப்பிட்டபோது வராத கால்கள்

இன்று காலை கீழ் லயத்துத் தொழிலாளர் வீடுகள் பக்கமிருந்து தோல் சூடேறும் வாசனை வந்தது. அங்கே யாரோ இறந்திருக்க வேண்டும். காய்ந்த மானாப் புல்லைக் கொளுத்தித் தப்பு மேளத்தைக் காய்ச்சுகிறார்கள். தபால் படித்துக்கொண்டிருந்த நான் எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். வாசனை உள்ளேதான் இருந்தது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் உயிரோடு இருந்தவரை உங்களை 'வா', 'போ' என்றுதான் பேசினேன். நீங்கள் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஆனால் நான் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கர், நீங்கள் விடியற்காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்குத் தப்படித்து ஆட்களை எழுப்பியவர். அந்த நாளில் எனக்கு அது போதுமானதாக இருந்தது. இப்போது 'நீங்கள்' என்று எழுதும்போது கை தயங்குகிறது. தயங்கட்டும்.

ஓய்வு பெற்று, மனைவியும் போன பிறகு, வயதானவர்கள் தடுமாறி விழாமல் இருக்க நடனம் நல்லது என்று ஒரு பத்திரிகையில் படித்தேன். என் வழக்கப்படி முதலில் ஒரு கொப்பி வாங்கிக் கோடு போட்டேன். நடனத்தின் பெயர், படித்த இடம், வலித்த இடம் என்று மூன்று பத்திகள். முதலில் ஹட்டனில் ஒரு மண்டபத்தில் பைலா. எல்லோரும் வலப்பக்கம் திரும்பியபோது நான் இடப்பக்கம் திரும்பி ஒரு டீச்சரம்மாவின் காலை மிதித்தேன். அடுத்து தலவாக்கலையில் ஒரு சிங்களப் பெரியவரிடம் கண்டிய நடனம். "ஹெமின் மாத்தயா, ஹெமின்" என்று அவர் மெதுவாகப் போகச் சொல்லிக்கொண்டே இருந்தார். அதைவிட மெதுவாகப் போவதென்றால் நின்றுவிட வேண்டியதுதான். மூன்றாவது பரதம். ஏழு வயதுப் பிள்ளைகளின் பின்வரிசையில் அரைமண்டியில் உட்கார்ந்தவன் எழவில்லை. அந்த ஆசிரியை ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். கொப்பியில் அந்த நாளுக்கு நேரே 'முழங்கால், மானம்' என்று எழுதியிருக்கிறேன்.

அதன் பிறகு ஒருவர் கண்ணிலும் படாமல் பழகலாம் என்றுதான் பழைய பிள்ளைமடுவத்துக்குப் போனேன். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் சென்ற கட்டடம். புதியதைக் கட்டிய பின் பூட்டிக் கிடந்தது. கொப்பியை ஜன்னல் கட்டையில் விரித்து வைத்து, ஒன்று இரண்டு என்று வாய்விட்டு எண்ணி ஆடிக்கொண்டிருந்தேன். தலையில் புல்லுக்கட்டோடு நீங்கள் அந்த ஜன்னலுக்கு வெளியே எவ்வளவு நேரம் நின்றீர்களோ தெரியாது.

"என்னங்கையா, பெரட்டுல பேர் கூப்பிடுற மாதிரி ஆடுறீங்க" என்றீர்கள். நான் கொப்பியை மூடினேன். நீங்கள் புல்லுக்கட்டை இறக்கிவிட்டு உள்ளே வந்தீர்கள். "கணக்கு வாய்க்கு எதுக்குங்கையா? குதிங்காலுக்குச் சொல்லுங்க, அது பாத்துக்கும்."

மறுநாள் தப்போடு வந்தீர்கள். முப்பத்தைந்து வருடம் காலை தோறும் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் ஆபீசுக்குப் போயிருக்கிறேன். அதற்குள் காலடிகள் இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. ஒரு மாதத்தில் என் உடம்பு தானாகத் திரும்பியது. இந்த வயதில் நான் அப்படிச் சிரித்ததை என் மகள்கூடப் பார்த்ததில்லை.

ஆனால் முதல் நாளே நிபந்தனை போட்டேன், யாருக்கும் தெரியக் கூடாது என்று. "தப்புங்கறதாலயா ஐயா?" என்று கேட்டீர்கள். தோட்டத்தில் தப்பு யார் கையில் இருக்கும், யார் கை அதைத் தொடாது என்பது நம் இருவருக்கும் தெரியும். நான் தரையைப் பார்த்தேன். நீங்கள் வெற்றிலையை இன்னொரு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு, "சரிங்கையா, எங்கிட்டருந்து போகாது" என்றீர்கள்.

அந்த மாதங்களில்தான் குடியை விட்ட கதையைச் சொன்னீர்கள். உங்கள் மகள் கற்பூரத்தைக் கொளுத்திச் சத்தியம் வாங்கினாளாம். ஒன்பது வருடம் ஆகிறது, ஒரு சொட்டு இல்லை என்றீர்கள். சொல்லும்போது ஒரு வேலையை முடித்தவரின் முகம் இருந்தது உங்களுக்கு.

பிறகு மாரியம்மன் திருவிழா. ஹட்டனிலிருந்து என் மகளின் மாமனார் மாமியார் வந்திருந்தார்கள். பிற்பகலில் கரகம் ஆற்றிலிருந்து கோயிலுக்கு வந்தது. முன்னால் தப்புக்காரர்கள் வட்டமாக ஆடினார்கள், நடுவில் நீங்கள். நான் ஸ்டாஃப் குடும்பங்களோடு நாற்காலிகளுக்குப் பக்கத்தில் நின்றேன். வேட்டிக்குள் என் கால் அடி போட்டுக்கொண்டிருந்தது. நீங்கள் அதைப் பார்த்துவிட்டீர்கள். விரதம் இருந்த முகம், வேர்வை, அப்படி ஒரு சந்தோஷம். நிபந்தனையை நீங்கள் மறந்தது அந்த ஒரு நொடிதான்.

"வாங்கையா, நம்ம அடிதான்" என்று கை நீட்டினீர்கள்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சம்பந்தி என் காதருகே குனிந்து, அவன் எதற்கு உங்களைக் கூப்பிடுகிறான் என்று கேட்டார். நான் சிரித்தேன். "குடிச்சிருக்கான்" என்றேன். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் கோயில் தலைவர் நின்றார். அம்மன் கரகத்துக்கு முன் குடித்துவிட்டு ஆடலாமா என்று அவர் போய் உங்கள் தப்பைக் கழற்றச் சொன்னார்.

நீங்கள் என்னை ஒரு தடவை பார்த்தீர்கள். இந்த ஐயா வாரம் இரண்டு நாள் என்னிடம் ஆட்டம் பழகுகிறார், அதனால்தான் கூப்பிட்டேன் என்று சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். சொல்லவில்லை. தப்பைக் கழற்றிப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, தண்ணீர் கொட்டும் பீலியில் காலைக் கழுவி, லயத்துப் பாதையில் இறங்கிப் போனீர்கள்.

அதன் பிறகு நான் பிள்ளைமடுவத்துக்குப் போகவில்லை. ஒரு நாள் ரோட்டில் எதிர்ப்பட்டபோது, "முழங்கால் எப்படிங்கையா இருக்கு?" என்று கேட்டீர்கள். பரவாயில்லை என்றேன். நாம் பேசிய கடைசிப் பேச்சு அது. மறு வருடத் திருவிழாவுக்கு வெளித்தோட்டத்திலிருந்து தப்புக்காரர்களைக் கூப்பிட்டார்கள். அந்த வருட மழையில் நீங்கள் போய்விட்டீர்கள். உங்கள் இழவில் நான் குடையோடு ஸ்டாஃப் ஆட்களின் பக்கம் நின்றேன்.

போன வாரம் கோயில் கூட்டத்தில், ஒரு விஷயம் பேச வேண்டும் என்று அனுமதி கேட்டேன். முழுவதையும் தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அன்று அவர் குடிக்கவில்லை, நான்தான் பொய் சொன்னேன் என்பது வரை வாசித்தேன். தலைவர் வியப்போடு, "அப்ப ஒங்கள எதுக்குங்க கூப்பிட்டான்?" என்று கேட்டார். பதில் அடுத்த வரியில் இருந்தது. நான் தாளை மடித்தேன். "தெரிஞ்சவன்னு கூப்பிட்டிருப்பான்" என்றேன். பழைய கதை, விடுங்கள் என்று தேநீர் கொடுத்தார்கள். அதையும் குடித்தேன்.

நேற்று உங்கள் மகள் வந்தாள். தலவாக்கலையில் தையல் கடை வைத்திருக்கிறாளே, கூட்டத்தில் நடந்தது அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. தலைவர் கேட்ட அதே கேள்வியைத்தான் அவளும் கேட்டாள். அவளிடம் மறைக்க முடியவில்லை. பிள்ளைமடுவம், நிபந்தனை, சம்பந்தி எல்லாம் சொன்னேன். அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். சேலை முந்தானையில் ஒரு நூலைப் பிரித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"அந்தத் திருவிழாக்கப்புறம் நான் அப்பாகூட பேசலங்கையா. தீவாளி வரைக்கும். சோறு போடுவேன், பேச மாட்டேன். குடிக்கல புள்ளன்னு ஒரு தரம் சொன்னாரு. பின்ன ஏன் சொன்னாங்கன்னு கேட்டேன். வாயத் தொறக்கல."

அந்த மாதங்களில்தான் ரோட்டில் என் முழங்காலை விசாரித்தீர்கள். மகள் பேசாத வீட்டிலிருந்து நடந்து வந்து விசாரித்திருக்கிறீர்கள். நீங்கள் கற்றுத்தந்த அடிகள் எனக்கு மறக்க மறக்க, இது மட்டும் என்னிடம் நிற்கிறது.

வாசலில் செருப்பைப் போடும்போது அவள் கேட்டாள், "ஒங்க மககிட்ட சொல்லிட்டீங்களாய்யா?" இல்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை என் மகள் வருகிறாள், சம்பந்தியும் கூட வருகிறார். சொல்லிவிடுவேன் என்று இங்கே எழுதலாம். உங்கள் விஷயத்தில் இன்னொரு பொய் சேர்ந்துவிடுமோ என்று பயந்து, அதை எழுதாமல் விடுகிறேன்.