கருப்பட்டிக் காப்பி

அன்பு மருமகளுக்கு,

போனில் என்றால் என் வாய் எதையாவது சொல்லிச் சமாளித்துவிடும். அதனால் எழுதி உன் புருஷனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

கர்ப்பத்தில் வந்த சர்க்கரை குறையவே இல்லையென்று அழுதாயே, காரணம் நான்தான். "இனிக்குதே அத்தே" என்று நீ காப்பியைப் பார்த்தபோதெல்லாம், "குடிட்டி, சீனியா போட்டேன்? கருப்பட்டி ஒண்ணும் செய்யாது" என்றேன். இன்று நர்ஸ் பூங்கொடியிடமும் அதே பெருமையை அடித்தேன். "ரெண்டும் சர்க்கரைதாங்க்கா! நீங்க என்ன பனைமரத்துக்கு வக்கீலா?" என்று கேட்டுவிட்டாள்.

வளைகாப்பன்று உன்னோடு கழுகுமலையில் உன் அம்மா வீட்டுக்குக் கட்டிக்கொடுத்த கருப்பட்டியைத் தொடாதே. வியாழக்கிழமை டாக்டர் இன்சுலின் ஊசி எழுதுமுன், குற்றவாளி அத்தைதான் என்று சொல்லிவிடு.

இன்று நானும் இனிப்பில்லாமல் காப்பி குடித்தேன். என் மூஞ்சி போன போக்கைப் பார்த்து உன் மாமா இன்னும் சிரிக்கிறார். பிள்ளையோடு வந்து நீயும் சிரி.

வழக்கில் தோற்ற வக்கீல்,
உன் அத்தை