மார்க்கெட்டிங்கை நீ வெட்டிய வெள்ளிக்கிழமை

எடி,

வீடு மாறுகிறோம் என்று பழைய பைல்களைக் கிழித்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து உன்னுடைய படிவம் ஒன்று விழுந்தது. வணிகப் பட்டப்படிப்பின் இரண்டாம் வருடத்துக்கு எந்தச் சிறப்புப் பாடம் வேண்டும் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்களே, அந்தப் படிவம். மூலையில் குங்குமம் அப்படியே இருக்கிறது. மார்க்கெட்டிங் பெட்டியில் நீ போட்ட சரி அடையாளம், அதன்மேல் நீயே இழுத்த கோடு. கிழிக்க மனம் வரவில்லை. நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உனக்கு மார்க்கெட்டிங்கைவிட வேறு எது பொருந்தும்? சனிக்கிழமைகளில் மிச்சம் கடைத்தெருவில் உன் பெரியப்பாவின் கடையில் நிற்பாய். தகரத்தில் அடைத்த பலாக்காய் ரின்கள் மாதக்கணக்காகத் தூசி பிடித்துக் கிடந்தன. அவற்றைத் தூக்கித் தேங்காய்ப்பாலுக்குப் பக்கத்தில் அடுக்கி, 'இண்டைக்கு இறைச்சி வேண்டாம், இதைச் சமைச்சுப் பாருங்கோ' என்று ஒரு மட்டையில் எழுதி வைத்தாய். பின்னேரத்துக்குள் ஒன்றும் மிஞ்சவில்லை. "சாமானிலை பிழையில்லைப் பெரியப்பா, வைச்ச இடந்தான் பிழை" என்றாய். மனிசன் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

எனக்கோ தேர்ந்தெடுக்கவே இடமில்லை. அப்பா முடிவெடுத்துவிட்டார். "அக்கவுண்டன் எண்டால் எந்த நாட்டுக்குத் துரத்தினாலும் வேலை இருக்கும்" என்பார். எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி வந்தவரோடு எப்படி வாதாடுவது?

அந்த வெள்ளிக்கிழமை படிவங்களை அர்ச்சனைத் தட்டில் வைக்க ஆர்ச்வே முருகன் கோயிலுக்குக் கொண்டு போனோம். திரும்பி வரும்போது, சுரங்க ரயிலில்தான், நான் அந்த வேலையைச் செய்தேன்.

"எடி, நீயும் அக்கவுண்டிங் எடன்."

"உனக்கென்ன விசரோ? பலன்ஸ் ஷீட்டைக் கண்டாலே எனக்குத் தலை சுத்தும்."

"நான் சொல்லித் தாறன். அந்த வகுப்பிலை எனக்கு ஒருத்தரையும் தெரியாது. தனிய இருக்க ஏலாதடி."

நீ யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். சுரங்கத்துக்குள் பார்க்க என்ன இருக்கிறது? ஸ்டொக்வெல் ஸ்டேஷன் தாண்டியதும் என்னிடம் பேனையை வாங்கிக் கோட்டை இழுத்தாய். "முருகன் பாத்தாப் பிறகு மாத்திறாய், என்ன!" என்று சிரித்தேன். சிரித்தேனடி! வெட்டிய படிவத்தை அலுவலகத்தில் எடுக்கமாட்டார்கள் என்று திங்கட்கிழமை புதியதொன்றை நிரப்பிக் கொடுத்தாய். பழையது என்னிடமே தங்கிவிட்டது.

சொல்லித் தருகிறேன் என்றவள் இரண்டு மாதம் சொல்லித் தந்தேன். பிறகு என் பாடத்தைப் பார்க்கவே எனக்கு நேரம் போதவில்லை. நான் பட்டம் வாங்கிய வருடம் நீ இரண்டு பாடங்களைத் திரும்ப எழுதினாய். பட்டமளிப்பு விழாவன்று என் சேலைத் தலைப்பைச் சரிசெய்து படம் எடுத்ததும் நீதான். அதற்குப் பிறகு குரொய்டனில், பிடிக்காத ஒரு கணக்கு வேலை. ஒரு நாளாவது என்னை ஏசியிருக்கலாம். பாவி, ஏசவேயில்லை.

அதனால்தான், நீ கடைசியாகக் கிடந்த ஆஸ்பத்திரியில் நானே தொடங்கினேன். "என்னாலைதான் உன்ரை படிப்புப் பாழாப் போச்சு. மன்னிச்சுக்கொள்ளடி."

வறண்ட உதட்டோடு சிரித்தாய். "விசரி, நீ கேட்டதாலை எண்டே இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருந்தனீ? மார்க்கெட்டிங் வகுப்பிலை எனக்கு மட்டும் ஆர் இருந்தது? எனக்கும் பயமாத்தான் கிடந்தது. நீ கேக்காட்டி நான் கேட்டிருப்பன்."

எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? பிள்ளைகள் எதிர்காலத்தை யோசித்துப் பாடம் எடுப்பதாக வீட்டில் நினைக்கிறார்கள். நாங்கள் யாருக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்று பார்த்து எடுத்தோம். பத்தொன்பது வயதில் எங்களுக்கு வேறென்ன தெரியும்? அந்த இரண்டு பெட்டைகளையும் இப்போது நான் திட்டுவதில்லை. பாவமாகத்தான் இருக்கிறது.

ஆனால் நீ அதோடு நிறுத்தவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, மெல்ல, "இப்பவும் பயமாத்தான் கிடக்கு" என்றாய்.

அந்த ஒரு வசனத்தைத்தான் இன்னும் சுமந்துகொண்டு திரிகிறேன். எனக்குப் பயம் என்றபோது நீ கூடவே வந்து இருந்தாய். உனக்குப் பயம் என்றபோது, அந்த ஆஸ்பத்திரிக் கட்டில் வரைக்கும்தான் என்னால் வர முடிந்தது.